பைத்தான் பயிலும் தம்பிக்கு: நிபந்தனைக் கோவை குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தான் கணினி மொழியில் நீ எழுதி அனுப்பிய கட்டண நிரலைப் படித்தேன். புதிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி 0, மற்றவர்களுக்கு 10 என்பதை 'அண்ட்' (and), 'ஆர்' (or) என்னும் இரண்டு சொற்களையும் கோத்து ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். பழைய பைத்தான் நிரல்களில் பரவலாக இருந்த உத்திதான். ஆனால் உன் நிரலில் அது புதியவருக்கும் 10 தந்துவிடும். நிபந்தனை மெய்யானதும் 'அண்ட்' 0 என்ற மதிப்பைத் தருகிறது. பைத்தான் 0-ஐப் பொய்யாகக் கொள்வதால், 'ஆர்' அதைத் தள்ளிவிட்டு அடுத்துள்ள 10-ஐ எடுத்துக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே என் பெரிய கவலை.

இத்தகைய தவறுகள் பெருகியதால்தான் பைத்தானை உருவாக்கிய குவிடோ வான் ராசமும் அதன் நிரலாளர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கரும் 2003-இல், பைத்தானில் மாற்றம் கோரும் 308-ஆம் முன்மொழிவை எழுதினார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்ட அது, 2006-இல் வெளிவந்த பைத்தான் 2.5-இல் நிபந்தனைக் கோவையாக, அதாவது நிபந்தனைக்கேற்ப இரு மதிப்புகளில் ஒன்றைத் தரும் அமைப்பாக, இடம்பெற்றது. நீ "0 இஃப் புதியவர் எல்ஸ் 10" என்று எழுதினால் போதும்; புதியவர் என்றால் 0, இல்லையெனில் 10 என்பது பொருள். நிபந்தனை நடுவில் நின்றாலும் முதலில் மதிப்பிடப்படுவது அதுதான். பிறகு இரு பக்கங்களில் ஒன்று மட்டுமே கணக்கிடப்படுவதால், எண்ணிக்கை 0 ஆகும்போது வகுத்தலைத் தவிர்க்கவும் இது பயன்படும். நிபந்தனையை முதலில் எழுதும் சி மொழியில் பழகியவர்கள் இந்த வரிசையைக் குறை சொல்வதுண்டு. வழக்கமாக வரும் மதிப்பை முன்னால் வைத்தால் படிப்பவருக்கு எளிது என்றே நான் கருதுகிறேன்.

எந்தச் செயல் முதலில் நடக்கும் என்னும் முன்னுரிமையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. "தொகை + 50 இஃப் தொலைவு > 10 எல்ஸ் 0" என்ற வரியில், தொலைவு குறைவாக இருந்தால் அனுப்பும் கட்டணமான 50 மட்டும் 0 ஆகும் என்று நீ எண்ணியிருக்கிறாய். கூட்டல் முன்னுரிமையில் உயர்ந்தது என்பதால் "தொகை + 50" முழுவதும் ஒரு பக்கமாகிறது. அருகில் வசிப்பவரின் மொத்தக் கட்டணமே 0 ஆகிவிடுகிறது. ஐம்பதில் தொடங்கி எல்ஸ் 0 வரை அடைப்புக்குறிக்குள் வைத்துவிடு.

கடைசியாக, ஒன்றன்பின் ஒன்றாக நீ அடுக்கியிருக்கும் மூன்று கோவைகள். பிஎச்பி என்னும் வேறொரு கணினி மொழி, அதன் 8.0 பதிப்பு முதல், அடைப்புக்குறி இல்லாத இத்தகைய அடுக்கைப் பிழையென்றே மறுத்துவிடுகிறது. பைத்தான் ஏற்றுக்கொள்கிறது என்றாலும், விலைப் பட்டியல் மாறும்போது அந்த வரியைத் திருத்தப்போகிறவரை எண்ணி, அதைச் சாதாரண 'இஃப்', 'எலிஃப்' கூற்றுகளாகப் பிரித்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்