எந்த ஆட்டோ மெஷின்? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்தேன். மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுகிறது என்று போட்டிருக்கிறார்கள். 15க்கு மேல், 30க்குள் என்றால் நடுத்தர அளவு. பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். நம் வீட்டில் குறட்டைக்குப் பேர் வாங்கியவர் உன் அப்பா. டெஸ்டில் மாட்டியதோ நானும் நீயும். பெண்களுக்குப் பல சமயம் இப்படித்தான் ஆகிறது. பெரிய குறட்டை இருக்காது. தூக்கம் கலைந்து கலைந்து போகும், பகலெல்லாம் அசதியாக இருக்கும். வேலைப்பளு என்று சொல்லி எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபாப் மெஷின்களில், அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷின் என்று டாக்டர் எழுதிவிட்டு, எந்த கம்பெனி என்பதை உன்னிடம் விட்டுவிட்டார் என்கிறாய். எனக்கு முதலில் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இரவும் என்ன நடந்தது என்பதை முழுசாக உனக்குக் காட்டுகிற மெஷினை வாங்கு. திரை எவ்வளவு அழகு, செயலி எத்தனை நட்சத்திரம் தருகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் இருக்கிறது. 1981ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை எழுதி வெளியிட்டபோது அழுத்தம் ஒரே அளவுதான், இரவு முழுக்க மாறாது. ஆட்டோ மெஷின் அப்படியில்லை. நீ இழுக்கிற ஒவ்வொரு மூச்சின் ஓட்டத்தையும் அளக்கிறது. தொண்டை ஒடுங்க ஆரம்பித்தால் அந்த ஓட்டத்தை வரைந்த கோட்டின் உச்சி உருண்டு இல்லாமல் தட்டையாகும். அதையும் குறட்டையின் அதிர்வையும் மூச்சு நிற்பதையும் பார்த்து அழுத்தத்தை ஏற்றுகிறது, அடங்கியதும் இறக்குகிறது. எவ்வளவு வேகமாக, எதைப் பார்த்து என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ரெஸ்மெட் மெஷின்கள் சட்டென்று ஏற்றும். பிலிப்ஸ் மெஷின்கள் கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, மூச்சு சீராகிறதா என்று சோதித்து, நிதானமாகப் போகும். எது மேல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. லேசாகத் தூங்குகிறவர்களை வேகமான ஏற்றம் எழுப்பிவிடலாம். நிதானம் அதிகமானால் சிலருக்குத் தேவையான அழுத்தம் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிடும். ரெஸ்மெட்டில் பெண்களுக்கென்றே மெதுவாக ஏற்றும் ஒரு முறை உண்டு. அவர்களின் ஏர்சென்ஸ் 11 ஆட்டோசெட் மாடலில் அது சேர்ந்தே வருகிறது. நீ அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆட்டோ என்று சொல்லிக் கடையில் 4 முதல் 20 வரை திறந்துவிட்டுக் கொடுப்பார்கள், கவனி. அந்த எண்கள் நீர்மட்ட சென்டிமீட்டரில் அழுத்தத்தின் அளவு. 4ல் நிறைய பேருக்குக் காற்று போதாமல் திணறுகிற மாதிரி இருக்கும், மாஸ்க்கைக் கழற்றி எறியத் தோன்றும். மூச்சு விடும்போது அழுத்தத்தை 1 முதல் 3 வரை குறைக்கிற வசதி ரெஸ்மெட்டில் இருக்கிறது, ஆனால் 4க்குக் கீழே அது இறங்காது. ஆகவே 4ல் தொடங்கினால் அந்தச் சுகமே கிடைக்காது. 7ல் தொடங்கினால் 3 குறைந்து 4க்கு வரும். மேல் எல்லையும் தேவைக்கு மேல் இருந்தால் மாஸ்க்கில் ஒரு லீக் வந்தாலே சில இரவுகள் தாறுமாறாகப் போய்விடும். முதல் சில வாரப் பதிவைப் பார்த்து, டாக்டரிடம் பேசி, இரண்டு எல்லையையும் நெருக்கமாக்கச் சொல். பதிவு கைக்கு வராத மெஷினில் இதையெல்லாம் எதை வைத்துக் கேட்பாய்?

அதனால் பதிவைச் சேமிக்கிற எஸ்டி கார்டு இருக்கிறதா என்று பார். ஆஸ்கார் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் மூச்சுக்கு மூச்சு வரைகோடு வரும். செயலியில் வரும் ஒற்றை எண் போதாது. தடைபடுவது மணிக்கு 5க்குக் கீழே வந்தால் நல்லது என்பார்கள், சரிதான். ஆனால் மிச்சம் இருப்பது தொண்டை அடைத்து வந்ததா, மூளை மூச்சு விடச் சொல்ல மறந்து வந்ததா என்பது முக்கியம். இரண்டாவது வகைக்கு அழுத்தத்தை ஏற்றினால் பயன் இல்லை, சிலருக்குக் கூடவும் செய்யும். ரெஸ்மெட் சிறு அதிர்வை அனுப்பியும், பிலிப்ஸ் ஒரு சிறு அழுத்தத் துடிப்பை அனுப்பியும் தொண்டை திறந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் பிரிக்கின்றன.

இன்னொன்று. உன் தோழியின் மெஷின் எண்களோடு உன்னுடையதை ஒப்பிடாதே. ரெஸ்மெட் காட்டும் லீக், மாஸ்க்கின் ஓரத்தில் வீணாகக் கசிவது மட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்கிறது. பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷனின் பதிவிலோ, விட்ட மூச்சு வெளியேற மாஸ்க்கில் வைத்த துளை வழியே போக வேண்டிய காற்றும் சேர்ந்த மொத்தம் வரும். அதைப் பார்த்து அவள் பயந்ததில் அர்த்தமே இல்லை.

யாரோ பழைய மெஷின் சும்மா தருகிறேன் என்றார்களே, அது முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் என்றால் வேண்டாம். சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பாலியூரிதேன் நுரை சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் பிலிப்ஸே லட்சக்கணக்கில் திரும்பப் பெற அறிவித்தது. ஓசோன் கருவியால் சுத்தம் செய்தால் அந்த நுரை சீக்கிரம் கெடும். எந்த மெஷினாக இருந்தாலும் ஓசோன் கருவி உனக்குத் தேவையில்லை, சோப்புத் தண்ணீர் போதும்.

கைக்கு அடக்கமான குட்டி மெஷின் மேல் உனக்கு ஆசை என்று தெரியும். பயணத்துக்கு நல்லதுதான், முதல் மெஷினாக வேண்டாம். ரெஸ்மெட்டின் குட்டி மெஷினான ஏர்மினியில் தண்ணீர்த் தொட்டியும் இல்லை, எஸ்டி கார்டும் இல்லை. உனக்கு மூக்கு சீக்கிரம் வறண்டுவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரும் சூடேறும் குழாயும் உள்ளதாகவே வாங்கு. சூடில்லாத குழாயில், குளிர்ந்த அறையில் நீர்த்துளி சேர்ந்து முகத்தில் தெறிக்கும். நடு ராத்திரியில் அதைவிட எரிச்சல் எதுவும் கிடையாது.

மெஷினைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நீ பாதியில் விட்டுவிடுவாயா என்பதை முடிவு செய்வது மாஸ்க்தான். வாய் திறந்து தூங்குகிறாயா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். இல்லையென்றால் மூக்கு மாஸ்க்கில் ஆரம்பி. படுத்துக்கொண்டு, அழுத்தம் ஓடும்போதுதான் பட்டையைச் சரி செய்ய வேண்டும். உட்கார்ந்து இறுக்கினால் படுத்ததும் கசியும். கிளிப்பில் காந்தம் இருக்கிறதா என்றும் பார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது, நீ அவர் பக்கத்தில் படுக்கிற நாட்களும் உண்டு. காந்த மாஸ்க் பேஸ்மேக்கருக்கு நெருக்கமாக வரக் கூடாது.

ஆட்டோ ஒத்துவரவில்லை என்றால் அதே மெஷினை ஒரே அழுத்தத்தில் ஓட விடலாம். 2019ல் அமெரிக்க தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தொடர் சிகிச்சைக்கு இரண்டில் எதுவும் சரி என்றுதான் இருக்கிறது. எனக்கு இப்போது ஒரே அழுத்தத்தில்தான் ஓடுகிறது. அதில்தான் நான் நன்றாகத் தூங்குகிறேன்.

வாங்கியதும் மாடல் பெயரை எழுது. முதல் வாரப் பதிவையும் அனுப்பு. அப்பாவையும் டெஸ்டுக்கு இழுத்துப்போகப் பார்க்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அம்மா