வேண்டும், வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் ரிவ்யூவுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்து, டோக்கன் வந்து உள்ளே போனால் நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். குறையாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் பொது மருத்துவரிடம் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சராசரியாக 2 நிமிடம்தான் என்று பிஎம்ஜே ஓப்பன் இதழில் 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கணக்கில் எங்களுக்கு இரட்டிப்பு.

ஆட்டோவில் ஏறியதும், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "உப்பைக் குறைக்கச் சொன்னார்" என்றாள். எனக்கும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் நிற்கவில்லை.

நல்லவேளை, அந்த ரிவ்யூவுக்கு முன்பே பேரன் என் ஃபோனில், பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கும் ஒரு ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். பதிவு செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன், "தாராளமா" என்றார். (வேறொரு ஆஸ்பத்திரியில் ஃபோனைக் கையில் எடுத்ததற்கே நர்ஸம்மா அதட்டினார், அது தனிக் கதை.) வீட்டுப் படி ஏறுவதற்குள் பேசியது முழுவதும் எழுத்தாக வந்துவிட்டது, மேலே பத்து வரியில் சுருக்கத்தோடு. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, முதல் தடவையா அம்மாவுக்கு என்ன பண்றாங்கன்னு புரியுது" என்றாள்.

ஆனால் சுருக்கத்தில் இரண்டு தவறு. நீர் மாத்திரை காலையில் 'அரை' என்று டாக்டர் சொன்னது 'ஆறு' ஆகியிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தோம். ஆறு மாத்திரையை யார் விழுங்குவார்கள்? இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது. மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை "நிறுத்த வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார். செயலி "நிறுத்த வேண்டும்" என்று எழுதியிருந்தது. படித்தால் சந்தேகமே வராது. பல் பிடுங்குமுன் மாத்திரையை நிறுத்துவது ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதானே? ஸ்டென்ட் வைத்த ஏழாம் மாதத்தில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். பதிவை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டேன். பின்னால் ஃபேன் சத்தம், வெளியே டோக்கன் எண் கூப்பிடும் குரல். 'டா' தேய்ந்துதான் கேட்டது.

நான் தந்தி ஆபீசில் 31 வருடம் வேலை பார்த்தவன். 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள், அது வேறு. தொகையோ தேதியோ இருந்தால் எதிர்முனையில் இருப்பவரிடம் திருப்பிச் சொல்லவைத்து ஒத்துப்பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. ஓர் எழுத்து மாறினால் கல்யாணம் கருமாதி ஆகிவிடும் என்று சீனியர்கள் மிரட்டுவார்கள். இந்தச் செயலிகளில் எனக்குத் தெரிந்து அந்த ஒத்துப்பார்க்கும் ஆள்தான் இல்லை.

அதனால் பதிவே கூடாது என்று ஆஸ்பத்திரிகள் போர்டு மாட்டினால் அதையும் ஏற்க மாட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. காகிதத்துக்கு உள்ள உரிமை வாய்ச்சொல்லுக்கு ஏன் கூடாது? அனுமதி கேட்டுப் பதிவு செய்யட்டும். சுருக்கம் வந்ததும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸோ பார்மசிஸ்டோ அதை வாசித்துச் சரிபார்க்கட்டும். செயலி செய்பவர்களும் குரல் பதிவை அழித்துவிடாமல், எந்த வரியைத் தொட்டாலும் டாக்டரின் குரல் அந்த இடத்திலிருந்து ஒலிக்கும்படி வைத்தால் என்னைப் போன்ற கிழவர்களுக்கு உதவும்.

அடுத்த ரிவ்யூ 9ஆம் தேதி. சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, 'வேண்டாம்' என்பதைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். டாக்டரின் நாலு நிமிடத்தில் ஒரு நிமிடம் அதற்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
திருநெல்வேலி டவுன்