செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய போலீஸ் கால்பந்து அணி பற்றிய நினைவுத் தொகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடலூர் மைதானங்களில் ஆடி வளர்ந்த மூத்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் செயற்குழு உரிய காலத்தில் கூடியது. சிறுவர்களுக்கான கோடைப் பயிற்சி மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்தது. சந்தா பாக்கி வழக்கம்போல் பாக்கியாகவே இருக்கிறது. இவற்றின் விவரங்கள் பொருளாளர் அறிக்கையில் வருகின்றன. ஆகவே, சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி நாம் மேற்கொண்ட பணியைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய தென்னாற்காடு மாவட்ட ஆயுதப்படைக் காவலர்களின் கால்பந்து அணியைப் பார்த்தவர்கள், அதை எதிர்த்து ஆடியவர்கள் ஆகியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதுவதே அப்பணி.

சங்கத்தின் பழைய பதிவேடுகளும் புகைப்படங்களும் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் நனைந்து வீணாகிவிட்டதால், மூத்தவர்களின் வீடு தேடிச் செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கோல் கணக்கில் இருவர் சொல்வது ஒத்துப்போகாத ஆட்டங்களுக்குக் கணக்கை அச்சிடுவதில்லை எனச் செயற்குழு முடிவு செய்தது. இம்முடிவால் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பலருடைய நினைவிலும் முதலில் வந்தது பந்துதான். தோல் பந்துக்குள் பிளாடர் எனும் ரப்பர் பையை நுழைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, பிளாடரின் கழுத்தை மடித்து நூலால் இறுகக் கட்டி உள்ளே தள்ளி, பந்தின் வாயைத் தோல் வாரால் இழுத்துக் கட்டும் வேலையை ஏட்டு ஒருவர் தம் கையாலேயே செய்வாராம். வேறு யாரையும் தொட விடமாட்டாராம். வார் துருத்திக்கொண்டிருந்தால் தலையால் முட்டுபவரின் நெற்றி கிழியும். அதனால் கட்டி முடித்ததும் பந்தைத் தம் நெற்றியிலேயே ஒருமுறை உருட்டிப் பார்த்த பின்னரே ரெஃப்ரியிடம் கொடுப்பாராம். கோல் கம்பங்கள் சவுக்குக் கட்டைகள். அவற்றில் கட்டிய வலை தேவனாம்பட்டினத்து மீனவர்கள் கழித்துவிட்ட பழைய வலை. புதுச்சேரிக் காவலர்கள் ஆட வரும் நாட்களில், பிரெஞ்சுக் காலத்திலிருந்து அவர்கள் அணிந்துவரும் சிவப்புத் தொப்பிகள் கோலுக்குப் பின்னால் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கவே சிறுவர் கூட்டம் சேரும் என்றும் சொன்னார்கள்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஆடியவர்களைக் கொண்ட இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பிறகு பெரிய போட்டிகளில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் அதன் பின்னும் வெகுகாலம் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள். போலீஸ் அணியோ பூட்ஸ் அணிந்து இறங்கியது. பையன்கள் என்றால் காவலர்கள் காலை ஒதுக்கியே ஆடுவார்கள் என்று சிலர் கூறினார்கள். பெருவிரல் தழும்பைக் காட்டி அதை மறுத்தவரும் உண்டு. இரண்டையும் பதிவு செய்திருக்கிறோம்.

ஒரு மாவட்டப் போலீஸ் அணிக்கு இத்தனை உழைப்பு தேவையா என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். இந்தியக் கால்பந்தில் காவல் துறை பிடித்திருந்த இடத்தை நோக்கினால் அக்கேள்விக்கு விடை கிடைக்கும். எஸ்.ஏ. ரஹீம் பயிற்றுவித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் வென்றது. அவரே பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அவ்விரு போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடிய துளசிதாஸ் பலராமன், செகந்திராபாத்தில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. பின்னாளில் சத்யன், விஜயன் போன்றோர் ஆடிய கேரளப் போலீஸ் அணி 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளும் தேசிய அளவிலான ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. நம் மாவட்டப் போலீஸ் அணி அந்த உயரத்தை எட்டியதில்லை. ஆனால் மாதச் சம்பளம், காலைக் கவாத்து, மெஸ் சாப்பாடு, மாலையில் மைதானம் என்று அந்த அணிகளுக்கு அமைந்த அடிப்படை இங்கும் அமைந்திருந்தது. வேலைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே அல்லாடிய மற்ற ஊர் அணிகளுக்கு அது வாய்க்கவில்லை.

நம் போலீஸ் அணிக்கு வாய்த்த எதிரி பந்தோபஸ்து, அதாவது திருவிழாக்களின் பாதுகாப்புப் பணி. மழை ஓய்ந்து மைதானம் காய்ந்து ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில்தான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனமும், வடலூரில் தைப்பூசமும், தேவனாம்பட்டினத்தில் மாசிமகமும் அடுத்தடுத்து வரும். பதினோரு பேர் தேறாத நாட்களில் டிரைவரும் மெஸ் சமையல்காரரும் ஜெர்சி மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். சமையல்காரர் ஒருமுறை கார்னரிலிருந்து வந்த பந்தை முட்டிக் கோல் போட்டதை மட்டும் எல்லோரும் மாற்றமின்றிச் சொன்னதால், அது தொகுப்பில் இடம்பெறுகிறது.

1965 சனவரி 27 அன்று, இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தின்போது சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அதன்பின் சிறிது காலம் காக்கிச் சட்டைக்காரர்களோடு பந்தாடத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று அன்று மாணவராக இருந்த உறுப்பினர் ஒருவர் கூறினார். முன்தினம் வரை தமக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்த காவலரைத் தெருவில் கண்டபோது இருவரும் பேசாமல் கடந்துபோனதையும் அவர் மறைக்கவில்லை. இப்பகுதியை நீக்கிவிடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அதுவே சரி என்பது என் கருத்து.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. அதையொட்டி ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் விழுப்புரம் சென்றதாகவும், இங்கே மிஞ்சியவர்களைக் கொண்டு பழைய அணியை மீண்டும் கட்ட முடியவில்லை என்றும் ஓய்வுபெற்ற காவலர்கள் தெரிவித்தார்கள்.

தொகுப்பின் கையெழுத்துப் பிரதி மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. அணியின் புகைப்படம் எவரிடமாவது இருந்தால் நகலெடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தரப்படும். அச்சுச் செலவுக்கான தொகையைப் பொருளாளர் தம் அறிக்கையில் காட்டியுள்ளார். அதற்கு ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்