விடுதி அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. எங்கள் பல்கலைக்கழக விடுதியில் பிஎச்டி செய்துகொண்டிருந்த அக்கா அவர். செமஸ்டர் தேர்வு நெருங்கிய சமயத்தில் நான் தூங்காமல், மெஸ்ஸுக்குப் போகாமல், வீட்டிலிருந்து வரும் போனைக்கூட எடுக்காமல் அறைக்குள்ளேயே கிடந்ததை முதலில் கவனித்தது அவர்தான். என்ன ஏது என்று குடையவில்லை, தட்டில் சாப்பாடு எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்புறம் நானாகப் பேச ஆரம்பித்தபோது நடுவில் ஒரு அறிவுரைகூடச் சொல்லாமல் கேட்டார்.

டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416-ஐ என் போனில் போட்டுக்கொடுத்து, "அரசாங்கத்தோடதுதான், காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்" என்றார். 2022 அக்டோபரிலிருந்து இருக்கும் சேவை இது, ஒவ்வொரு விடுதி நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டிய எண். மறுநாள் கவுன்சிலர் அறை வரைக்கும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தார், தன்னுடைய ஆய்வு வேலையை விட்டுவிட்டு. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்தபோது போனில் பேசிப் புரியவைத்ததும் அவர்தான்.

அக்கா, டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார், இப்போது நன்றாகத் தூங்குகிறேன். ரொம்ப நன்றி அக்கா.