ஜெயா, அந்தப் பெல்ட்டை வாங்கிவிடாதே

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெயா,

உன் மெசேஜ் வந்து மூன்று வாரம் ஆகிறது. மலருக்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருப்பதாகவும், என்ஜினிலிருந்து பின் சக்கரத்தைச் சுழற்றுகிற பெல்ட்டை மாற்ற மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். கடையில் இரண்டு விலையில் இரண்டு பெல்ட் காட்டினார்களாம். "எதை வாங்கட்டும் டீச்சரம்மா?" என்று முடித்திருந்தாய். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று கோபமாகத்தான் இருப்பாய். மூன்று தடவை பதில் அடிக்க உட்கார்ந்தேன், மூன்று தடவையும் அழித்துவிட்டேன். போனில் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் மற்ற செய்திகள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நாள்காட்டியில் ராகுகாலம் வரைக்கும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள். சரோஜா மேடத்தைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான்: "அந்தச் சுழிப்பிழைப் பொண்ணு எங்கே இருக்கா?" அளவி சுழியில் நிற்கிறதா என்று பார்க்காமலே லேபில் நீ அளந்ததை இருபத்தைந்து வருஷம் ஆகியும் அவர் மறக்கவில்லை, பார்த்தாயா! ராஜி மறுபடியும் வீடு மாறிவிட்டாள். சரி, அவள் கதை அப்புறம்.

உன் மெசேஜ் வருவதற்கு நான்கு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கவின் பின்னால் உட்கார்ந்திருந்தான். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, ரோடெல்லாம் ஈரம். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, என்ஜின் பிடிமானத்திலேயே மெதுவாக இறங்குவதுதான் என் வழக்கம். அறுபதடிப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். இடது பக்கம், காலுக்குப் பின்னால், 'படார்' என்று ஒரு சத்தம். அதுவரை முனகிக்கொண்டே வந்த என்ஜின் சட்டென்று அடங்கியது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி வண்டி முன்னே பாய்ந்தது.

பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சமதரையில் அப்படித்தான். இறக்கத்தில் வேறு கதை. என்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் இருந்த ஒரே பிடி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். கீழே வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன், பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கியது, மலையோரக் கால்வாயில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். பஸ் எங்களைத் தாண்டி மேலே போயிற்று. கவினுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் அழவில்லை. "அம்மா, உன் கை நடுங்குது" என்று மட்டும் சொன்னான். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. அவன் அப்பாவிடம் வண்டி ரிப்பேர் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொல்வது உன்னிடம்தான்.

அறுந்தது பழைய பெல்ட் இல்லை ஜெயா. கையேட்டில் 24,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லியிருந்தார்கள், அதன்படியே இரண்டு மாதம் முன்னால் மாற்றியிருந்தேன். அறுந்தது புதுசு. கடைக்காரர் இரண்டு பெல்ட் எடுத்துப் போட்டு, "எல்லா 110 சிசி வண்டிக்கும் இதேதான் மேடம், விலையும் பாதிதான்" என்றார். நானும் அதையே வாங்கிக் கொடுத்தேன். உன் மெசேஜைப் படித்தபோது எனக்கு ஏன் மூச்சு அடைத்தது என்று இப்போது புரிகிறதா?

திங்கட்கிழமை முதல் வேலையாக அறுந்த பெல்ட்டையும், மெக்கானிக் டிக்கியில் போட்டுக் கொடுத்திருந்த பழைய கம்பெனி பெல்ட்டையும் பள்ளிக்கூட லேபுக்கு எடுத்துப் போனேன். ஆறாவது பீரியட் எனக்கு ஓய்வு. வெர்னியர் அளவியை எடுத்தேன். மீச்சிற்றளவு, அதாவது அது காட்டுகிற மிகச் சின்ன அளவு, 0.1 மில்லிமீட்டர், சுழிப்பிழை இல்லை (சரி பார்த்துவிட்டேன், உன்னைப் போல இல்லை!). முதுகுப் பக்கம் அகலத்தை ஐந்து இடத்தில் அளந்தேன். 24,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பெல்ட்டை விட, இரண்டே மாதம் ஓடிய இது 0.6 மில்லிமீட்டர் குறுகல். வரும்போதே குறுகலாக வந்ததா, இரண்டு மாதத்தில் தேய்ந்ததா என்று இனிச் சொல்ல வழியில்லை. வாங்கிய அன்றே அளந்திருக்க வேண்டும். நீளத்துக்கு நூல் வைத்துப் பார்த்தேன். பிய்ந்த நுனிகளைச் சேர்த்துவைத்து அளந்தால், கம்பெனி பெல்ட்டை விட ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் அதிகம்.

என்னை உலுக்கியது மூன்றாவது விஷயம். பழைய பெல்ட்டின் பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. அறுந்ததில் மேல் விளிம்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது, கீழ்ப்பாதியில் புது ரப்பரின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. கோணமே பொருந்தவில்லை என்று அர்த்தம். பள்ளத்தில் முழுசாக உட்காராமல், விளிம்பாலேயே பிடித்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் தினமும் ஏறி இறங்கியிருக்கிறது.

உன் அப்பாவின் கைனடிக் ஹோண்டா ஞாபகம் இருக்கிறதா? 1984இல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது, கியர் இல்லாத, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிற ஸ்கூட்டர் என்று ஊரே வியந்ததாக அப்பா சொல்வாரே. நீ ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்து போனோமே, அதற்குள்ளும் இதே பெல்ட்தான். அதற்கும் முன்னால் 1958இல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ஒரு சின்னக் காரையே இப்படிப் பெல்ட்டில் ஓட விட்டது. வேரியோமாடிக் என்று பெயர். இதைப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியும்.

உள்ளே நடப்பது அவ்வளவு அழகு, ஜெயா. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி. ஒவ்வொன்றும் கூம்பு மாதிரிச் சரிந்த இரண்டு தட்டு. முன் கப்பியின் பின்னால் ரோலர்கள் இருக்கும், பெரும்பாலும் ஆறு. என்ஜின் வேகம் கூடக் கூட அவை வெளிப்பக்கம் ஒதுங்கித் தட்டை நெருக்கும். பெல்ட் பள்ளத்திலிருந்து மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது அல்லவா, அதனால் பின்னால் ஸ்பிரிங்கை அமுக்கித் தட்டை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கியர் சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாறுவதைத்தான், யாரும் கை வைக்காமல், ஒரு ரப்பர் பட்டை இடம் நகர்ந்தே செய்துவிடுகிறது.

அதனால்தான் நீளம், அகலம், கோணம் மூன்றில் எது தவறினாலும் வண்டி காட்டிக் கொடுத்துவிடும். குறுகலான பெல்ட் முன் கப்பியில் போதிய உயரம் ஏறாது, என்ன முறுக்கினாலும் வேகம் வராது. அகலம் கூடினாலோ நீளம் குறைந்தாலோ, கிளம்பும்போதே மேல் கியரில் கிளம்புகிற மாதிரி இருக்கும், ஏற்றத்தில் திணறும். நீளம் கூடினால் தொய்ந்துபோய், கிளம்பும்போது ஒரு உதறல். கோணம் தவறினால் சூடு. என் வண்டியில் இந்த உதறல் முதல் வாரமே வந்தது. ஏற்றத்தில், பத்தாவது வளைவுக்கு மேல், சூடான ரப்பர் வாடையும் வந்தது. முன்னால் போகிற லாரியின் பிரேக் வாடை என்று விட்டுவிட்டேன். மலரிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லு: கிளம்பும்போது உதறினாலோ, என்ஜின் கத்தியும் வண்டி நகர மறுத்தாலோ, ரப்பர் வாடை வந்தாலோ, அன்றைக்கே கவரைத் திறக்க வேண்டும். உள்ளே கறுப்பு மாவாகப் படிந்திருந்தால் அது பெல்ட் கரைகிற மாவு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். விலையைப் பார்க்காதே, சிசியையும் பார்க்காதே. '110க்கு எல்லாம் ஒன்றுதான்' என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஒரே பெயரில் ஓடுகிற வண்டிக்குள்ளேயே என்ஜின் மாறுகிறது. ஆக்டிவா 2001இல் வந்தபோது 102 சிசி, 2009இல் 110 ஆனது. 2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தபோது பல கம்பெனிகளின் என்ஜின்கள் மறுபடியும் மாறின. மலரின் வண்டி பழைய வண்டி என்பதால், எந்த வருஷம் தயாரானது என்பதுதான் முதல் கேள்வி. ஆர்.சி.யில் பார், வண்டி வாங்கிக் கொடுத்தவர் சொன்னதை வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதே.

அப்புறம் பாக எண். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு எண் வைத்திருக்கும். ஹோண்டா வண்டிகளில் அது 23100 என்று தொடங்கும், அடுத்து வரும் எழுத்துகள்தான் எந்த மாடலுக்கு என்று சொல்லும். கடைக்காரர் முதல் ஐந்து எண்ணை மட்டும் காட்டி "அதேதான்" என்பார். அந்த ஐந்தும் பெல்ட் என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அது உன் வண்டியின் பெல்ட்டா என்பது அடுத்த எழுத்துகளில் இருக்கிறது. சில பெல்ட்டுகளின் முதுகில் 842-20-30 மாதிரி எண் இருக்கும். அது நீளம் மில்லிமீட்டரில், அகலம் மில்லிமீட்டரில், கோணம் டிகிரியில். பெரும்பாலும் சீனா வகை என்ஜின்களுக்கு வருவது, உனக்கு வேண்டியிருக்காது. ஆனால் ஒரு பெல்ட்டைச் சொல்ல இந்த மூன்றும் வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது.

கம்பெனி பெல்ட்தான் வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் எல்லாம் பெல்ட்டே தொழிலாக இருப்பவர்கள். உன் மாடலுக்கு என்று அவர்கள் பட்டியலில் இருந்தால் தைரியமாக வாங்கு. மேலே எல்லாமே கறுப்பு ரப்பர்தான். இழுவையைத் தாங்குவது உள்ளே நீளவாக்கில் ஓடுகிற இழை. அது வெளியிலிருந்து தெரியாது. அதனால் யார் செய்தது என்று தெரியாத பெல்ட் வேண்டாம். பில் இல்லாமலும் வேண்டாம்.

மாட்டும்போது நீ பக்கத்தில் நில். பின் கப்பியின் தட்டை விலக்கிப் பெல்ட்டை ஆழமாக உள்ளே இறக்கிவிட்டுத்தான் முன்பக்க நட்டை முறுக்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட் தட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், நட்டு இறுகிவிட்ட மாதிரித் தெரியும், ஓட ஓடத் தளர்ந்துவிடும். அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றுகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். கிரீஸ் கையோடு பெல்ட்டைத் தொட விடாதே. உன் ஊர் மெக்கானிக் முறைத்தால் முறைக்கட்டும். ஹாஸ்டல் வார்டனையே முறைத்து ஜெயித்தவள் நீ. அதோடு ரோலரையும் பார்க்கச் சொல், ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் சேர்த்தே மாற்றிவிடு.

வண்டியின் வருஷம், பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கிற எழுத்து, அந்த இரண்டு புதுப் பெல்ட்டின் அட்டை, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து அழிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து எடு. இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் பதில் வரும். அதுவரை மலர் பஸ்ஸில் போகட்டும். கோபித்துக்கொண்டால் சித்தி சொன்னாள் என்று சொல்லு.

கவின் மூன்று வாரமாகப் பஸ்ஸில்தான் வந்து போனான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தானாகவே வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஏறி உட்கார்ந்து, இறங்கும் வழியெல்லாம் இடது பக்கம் தலையைச் சாய்த்து, என்ஜின் முனகுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அடிவாரம் வந்ததும்தான் நிமிர்ந்தான். "ஒரு இடத்துலகூட விடல மா" என்றான்.

அன்புடன்,
வசந்தி