நெடுந்தீவுப் படகில் முதலிடம் ஊரவர்க்கே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத் தீவகத்துக்குச் சுற்றுலா வருவோர், காரையோ வானையோ குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்திவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவது விடுமுறை நாள்களில் வழமையாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாக 776ஆம் இலக்கப் பேருந்து அத்துறைவரை ஓடுகிறது என்பதும், அதற்கப்பால் கார் எப்படியும் செல்லாது என்பதும் வெளிமாவட்டத்தவர் பலருக்குத் தெரிவதில்லை. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடைதூரத்திலேயே உள்ளன.

நெடுந்தீவு அவ்வாறன்று. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் ஒல்லாந்தர் கோட்டையும் பெருக்கு மரமும் குதிரைகள் மேயும் வெளிகளும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், சிலர் மோட்டார் சைக்கிளையும் படகில் ஏற்றிவிடுகிறார்கள். தரை மேடு பள்ளமின்றி இருப்பதால் துவிச்சக்கர வண்டியே போதும். பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளை நின்று பார்க்கவும் அதுவே வசதி. வெயில் கடுமை, நல்ல தண்ணீர் அரிது. ஆகையால் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது. தீவிலுள்ள சங்கங்கள் துறையருகே கூடுதலாக வாடகை வண்டிகளை வைத்தால் வருமானமும் ஊருக்கே சேரும்.

என் கவலை படகின் இருக்கையைப் பற்றியது. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்துக்கு அப்பால் வாழும் நெடுந்தீவு மக்களுக்கு அந்தப் படகுதான் பேருந்து. யாழ்ப்பாணத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் முதியவரும், கடைக்குச் சாமான் கொண்டுபோகும் வணிகரும் அதிலேதான் போயாக வேண்டும். நாமோ பொழுதுபோக்கச் செல்கிறோம். நீண்ட விடுமுறைகளில் சுற்றுலாக் கூட்டம் முதலில் ஏறிக்கொள்ள, ஊரவர் துறையில் காத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். இதைக் கூட்ட நெரிசல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது முறையன்று. அந்நாள்களில் சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனிப் படகு விடப்பட வேண்டும். அது இயலாவிடின், தீவில் வசிப்போர் ஏறிய பின்னரே மற்றவர்களை ஏற்றும் ஒழுங்காவது நடைமுறைக்கு வர வேண்டும்.

படகு நேர அட்டவணை, குறிப்பாகத் திரும்பிவரும் கடைசிப் படகின் நேரம், யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலேயே மூன்று மொழிகளிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். கடல் கொந்தளித்துச் சேவை நிறுத்தப்படும் நாள்களில் அந்த அறிவித்தலும் அங்கேயே கிடைத்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் சென்று துறையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் நிலை எவருக்கும் ஏற்படாது.

இங்ஙனம்,
தீவக வாசகர் ஒருவர்,
வேலணை.