அல்காஃப் ஏரி இருந்த இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் சிங்கப்பூரின் பிடாடரி பூங்காவில் அல்காஃப் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் பேத்தி, "அல்காஃப் யார் தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லவே இக்கடிதம்.

யேமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து 1852இல் வணிகத்துக்காக இங்கு வந்த அரபுக் குடும்பம் அது. காலியர் கீயில் கும்மட்டங்களோடு 1909இல் எழுந்த ஆர்கேட் என்ற வணிகக் கட்டடம் அவர்களுடையது, 1978இல் இடித்துவிட்டார்கள். தெலுக் பிளாங்கா குன்றின் மேலிருக்கும் மாளிகை இன்றும் நிற்கிறது. அவர்களில் செய்யது ஷேக் அல்காஃப் 1930 வாக்கில் அமைத்ததுதான் ஏரித் தோட்டம். ஜப்பானியப் பாணி, வெட்டி உண்டாக்கிய ஏரி, சிறு பாலங்கள், தேநீர்க் குடில்கள், வாடகைப் படகுகள். பொதுமக்கள் யாரும் போகலாம்.

என் அப்பா போருக்கு முன் அங்கே எடுத்துக்கொண்ட படம் என்னிடம் இருக்கிறது. வேட்டிக்கு மேல் இரவல் கோட்டு, காலில் செருப்பில்லை. பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கிறார். பாலத்தின் வளைவும் தண்ணீரில் விழுந்த அதன் நிழலும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிகின்றன.

தோட்டம் 1949இல் விலைபோனது. பள்ளிகள் கட்டுவதற்காக 1964இல் ஏரியைத் தூர்த்தார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. பொத்தோங் பாசிர் கிராமத்திலிருந்து அண்ணனோடு ஓடிப்போய், லாரிகள் செம்மண் கொட்டுவதைப் பார்த்தேன். சேற்றில் துடித்த இரண்டு மீன்களை அண்ணன் சட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா அவற்றைச் சமைக்க மறுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் அன்று நாட்டுக்குத் தேவை; அதில் எனக்கு மனக்குறை இல்லை. 2024இல் திறந்த பூங்காவின் ஏரிக்கு, அதுவும் கனமழை நீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கும் ஏரிக்கு, அந்தப் பெயரையே சூட்டியது நிறைவாக இருக்கிறது. ஆனால் பழைய ஏரியே இதுதான் என்று என்னுடன் நடப்பவர்கள்கூட நினைக்கிறார்கள். அது இருந்தது சற்றுத் தள்ளி, செனட் எஸ்டேட் என்ற குடியிருப்புப் பகுதியில், வில்லோ அவென்யூ பக்கம்.

அந்தத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களின் அலமாரிகளில் படங்கள் இருக்கும். தங்கள் நாளிதழ் அவற்றைக் கேட்டு வாங்கி, இடக்குறிப்புடன் வெளியிட வேண்டும். அப்பாவின் படத்தை நானே நேரில் கொண்டுவருகிறேன். பின்புறம் பென்சிலில் அவர் கையெழுத்து மங்கிக்கொண்டிருப்பதால், நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உட்லீ வாசகர்